நம் கணக்கை யார் தணிக்கை செய்ய வேண்டும்? கணக்காளர் தொழில் நெறிமுறைகள்: ஓர் ஒப்பீடு

(நமது அறக்கட்டளையின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை. வர இயலாத உறுப்பினர்களும் அறிந்துகொள்ள வேண்டும் என்பதால் இங்கே வெளியிடப்படுகிறது.)





இன்றைய நிகழ்ச்சி நிரலில் தணிக்கையாளர் நியமனம் என்று ஒரு பொருள் இருக்கிறது. வழக்கமாக இதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், அடுத்த பொருளுக்குப் போய்விடுவோம். இந்த முறை அப்படிப் போக முடியவில்லை. உறுப்பினர்களிடமிருந்து மூன்று ஆலோசனைகள் எழுத்தில் வந்திருக்கின்றன. மூன்றும் நல்லெண்ணத்தில் வந்தவை. அதனால்தான் அவற்றுக்கு விளக்கமாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதல் ஆலோசனை: நம் நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவரின் மைத்துனர் பட்டயக் கணக்காளராக இருக்கிறார். கட்டணமே வாங்காமல் செய்து தருவதாகச் சொல்கிறார். அவரையே நியமித்தால் ஆடிட் செலவு மிச்சம், அந்தப் பணத்தில் இன்னொரு மாணவிக்கு உதவித்தொகை கொடுக்கலாம். இரண்டாவது ஆலோசனை: நம் அலுவலகத்தில் கணக்கு எழுத ஆள் கிடைப்பது சிரமமாக இருக்கிறது. ஆடிட்டர் அலுவலகத்திலேயே நாள்வழி, பேரேடு எல்லாவற்றையும் எழுதி, அவர்களே தணிக்கையும் செய்து தந்துவிட்டால் வேலை சுலபம். மூன்றாவது ஆலோசனை: நம் பணம் ஜகாத் பணம், எனவே தணிக்கையாளர் நம் சமுதாயத்தைச் சேர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

இவற்றைக் கை தூக்கி முடிவு செய்வதற்கு முன், அந்தத் தொழிலில் இருப்பவர்கள் தங்களுக்கென்று என்ன நெறிமுறை வகுத்து வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பது நல்லது. மருத்துவருக்கு ஒரு நெறி, வழக்கறிஞருக்கு ஒரு நெறி இருப்பதுபோல, கணக்காளருக்கும் எழுதி வைத்த நெறிமுறை உண்டு. ஒன்றல்ல, பல உண்டு. அவற்றுள் நான்கை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

முதலாவது நம் நாட்டினுடையது. 1949-ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டத்தின்கீழ் அதே ஆண்டு ஜூலை 1 அன்று அமைந்தது இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம். ஐ.சி.ஏ.ஐ. என்று சொல்வார்கள். அந்தச் சட்டத்தின் கடைசியில் இரண்டு அட்டவணைகள் இருக்கின்றன. எதையெதைச் செய்தால் ஒரு கணக்காளர் தொழில் ஒழுங்கீனம் செய்தவராவார் என்று அவற்றில் வரிசையாக எழுதியிருக்கிறது. இதனோடு சேர்ந்து ஒரு விரிவான நெறிமுறை நூலையும் அந்த நிறுவனம் வெளியிடுகிறது. அதன் 12-ஆம் பதிப்பு 2020 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

இரண்டாவது சர்வதேச நெறிமுறை. உலகக் கணக்காளர் அமைப்புகளின் கூட்டமைப்பு 1977-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் உருவானது. அதன் வழியாகப் பிறந்த ஐ.இ.எஸ்.பி.ஏ. என்ற நெறிமுறை வாரியம் எழுதியது இது. 2018-இல் முழுவதுமாகத் திருத்தி அமைத்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் இதையோ இதைத் தழுவிய நெறிமுறையையோ பின்பற்றுகிறார்கள். நம் ஐ.சி.ஏ.ஐ. நூலும் பெரும்பாலும் இதைத் தழுவியதுதான்.

மூன்றாவது அமெரிக்காவினுடையது. ஏ.ஐ.சி.பி.ஏ. என்ற அமைப்பின் நெறிமுறை. அந்த அமைப்பின் வேர் 1887 வரை போகிறது.

நான்காவது, பஹ்ரைனைத் தலைமையிடமாகக் கொண்ட அயோஃபி என்ற அமைப்பினுடையது. இஸ்லாமிய வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் கணக்கு, தணிக்கைத் தரங்களை வகுப்பதற்காக 1991-இல் பதிவு செய்யப்பட்ட அமைப்பு அது. இஸ்லாமிய நிதி நிறுவனங்களில் பணிபுரியும் கணக்காளர்களுக்கும் தணிக்கையாளர்களுக்கும் தனி நெறிமுறை ஒன்றை வெளியிட்டிருக்கிறது.

இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முதலில் தெரிவது ஒற்றுமைதான். சர்வதேச நெறிமுறையும் நம் இந்திய நெறிமுறையும் ஐந்து அடிப்படைகளைச் சொல்கின்றன. நேர்மை ஒன்று. ஒரு பக்கம் சாயாத நடுநிலை இரண்டு. தொழில் திறமையும் அதற்குரிய கவனமும் மூன்று. ரகசியம் காத்தல் நான்கு. தொழிலுக்கு இழுக்கு வராத நடத்தை ஐந்து. அமெரிக்க நெறிமுறை இதையே வேறு வரிசையில் சொல்லி, பொதுநலன் என்பதைத் தனி அடிப்படையாக முன்னே வைக்கிறது. கணக்காளருக்குச் சம்பளம் கொடுப்பவர் ஒருவர், அவர் எழுதிய கணக்கை நம்பி முடிவெடுப்பவர்கள் ஆயிரம் பேர். அந்த ஆயிரம் பேருக்கும் அவர் கடமைப்பட்டவர் என்பது அதன் கருத்து. அயோஃபியின் நெறிமுறை நம்பகத்தன்மை, நடுநிலை, திறமை, கவனம் ஆகியவற்றைச் சொல்வதோடு, அவற்றுக்கு அடியில் ஓர் அஸ்திவாரத்தையும் வைக்கிறது. மனிதன் இந்த உலகில் பொறுப்பாளனாக வைக்கப்பட்டவன், இறையச்சம், மனத்தூய்மை, செய்யும் வேலையைச் செம்மையாகச் செய்தல், இறைவன் முன் கணக்குக் கொடுக்க வேண்டியிருத்தல் ஆகியவை அந்த அஸ்திவாரம்.

வேறு வேறு நாடு, வேறு வேறு காலம், வேறு வேறு நம்பிக்கை. ஆனாலும் பொய்க் கணக்கு எழுதாதே, பக்கம் சாயாதே, தெரியாத வேலையைத் தெரிந்ததுபோல் செய்யாதே, ரகசியத்தை வெளியே விடாதே என்பதில் நால்வருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நம் மூன்றாவது ஆலோசனைக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது. மீதியைப் பிறகு சொல்கிறோம்.

அடிப்படைகள் ஐந்து என்றதுபோல, அவற்றைக் கெடுக்கும் ஆபத்துகளும் ஐந்து என்று சர்வதேச நெறிமுறை வகைப்படுத்துகிறது. இது நமக்கு மிகவும் பயன்படும் பகுதி. நல்ல மனிதர் எப்படித் தவறுவார் என்பதை இது விளக்குகிறது.

ஒன்று, சொந்த ஆதாய ஆபத்து. தணிக்கையாளரின் வருமானமோ முதலீடோ அந்த நிறுவனத்தைச் சார்ந்திருந்தால் அவர் கண் மங்கும். இரண்டு, தன் வேலையைத் தானே சரிபார்க்கும் ஆபத்து. தான் எழுதிய கணக்கில் தானே பிழை தேடுவது மனித இயல்புக்கு ஒத்து வராது. மூன்று, வக்காலத்து ஆபத்து. ஒரு நிறுவனத்துக்காக வாதாடுபவரால் அதே நிறுவனத்தை நடுநிலையாக மதிப்பிட முடியாது. நான்கு, நெருக்க ஆபத்து. உறவு, நட்பு, நீண்ட காலப் பழக்கம் ஆகியவற்றால் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விடுவது. ஐந்து, மிரட்டல் ஆபத்து. அடுத்த வருடம் வேறு ஆடிட்டரைப் பார்த்துக்கொள்கிறோம் என்று நாசூக்காகச் சொல்வதும் இதில் சேரும்.

இப்போது நம் முதல் ஆலோசனைக்கு வருவோம். குழு உறுப்பினரின் மைத்துனர் நேர்மையானவர் என்பதில் எங்களுக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஆனால் நெறிமுறை அவருடைய நேர்மையைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரு வவுச்சரில் கையெழுத்து இல்லை, ஒரு ரசீதுப் புத்தகம் திரும்பி வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்நியராக இருந்தால் உடனே எழுத்தில் விளக்கம் கேட்பார். மச்சானிடம் எழுத்தில் விளக்கம் கேட்பாரா? இரவுச் சாப்பாட்டில் வாய்மொழியாகக் கேட்டு முடித்துக்கொள்ளத்தான் மனம் வரும். அப்படியே அவர் கண்டிப்பாகக் கேட்டாலும், வெளியே இருக்கும் நன்கொடையாளர் அதை நம்புவாரா? தணிக்கையாளர் மனத்தளவில் சுதந்திரமாக இருந்தால் மட்டும் போதாது, பார்ப்பவர்களுக்கும் அவர் சுதந்திரமானவராகத் தெரிய வேண்டும் என்று நெறிமுறைகள் வலியுறுத்துவது இதனால்தான்.

கம்பெனிகள் விஷயத்தில் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், பிரிவு 141-இன்படி, ஒரு கம்பெனியின் இயக்குநருக்கு உறவினராக இருப்பவர் அதன் தணிக்கையாளராக முடியாது. நாம் கம்பெனி அல்ல. ஆனால் லாபத்துக்கு நடக்கும் கம்பெனிக்கே அந்தக் கட்டுப்பாடு தேவைப்படும்போது, விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் சேர வேண்டிய பணத்தை வைத்திருக்கும் நமக்கு அதைவிடக் குறைந்த கட்டுப்பாடு எப்படிப் பொருந்தும்? அந்தச் சகோதரருக்கு நன்மை சேர வேண்டும் என்றால் வேறு வழிகள் இருக்கின்றன. நம் மாணவர்களுக்குச் சி.ஏ. தேர்வு வழிகாட்டுதல் வகுப்பு எடுக்கட்டும், நம் அலுவலகப் பையனுக்குக் கணக்கு எழுதக் கற்றுக்கொடுக்கட்டும். தணிக்கையை மட்டும் வேறொருவர் செய்யட்டும்.

இரண்டாவது ஆலோசனை, அதாவது எழுதுபவரே தணிக்கை செய்வது, தன் வேலையைத் தானே சரிபார்க்கும் ஆபத்துக்கு நேரான உதாரணம். இங்கேயும் கம்பெனிகள் சட்டம், பிரிவு 144-இல், தணிக்கையாளரே அந்தக் கம்பெனிக்குக் கணக்கு எழுதித் தரக்கூடாது என்று தடுத்திருக்கிறது.

இது ஏதோ ஏட்டில் எழுதிய விதி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் என்ரான் என்ற எரிசக்தி நிறுவனம் 2001 டிசம்பரில் திவாலானது. அதன் தணிக்கையாளரான ஆர்தர் ஆண்டர்சன் உலகின் மிகப் பெரிய ஐந்து தணிக்கை நிறுவனங்களில் ஒன்று. 2000-ஆம் ஆண்டில் என்ரானிடமிருந்து தணிக்கைக்காக அது பெற்ற தொகை சுமார் 2.5 கோடி டாலர். ஆலோசனை முதலிய மற்ற வேலைகளுக்காகப் பெற்றது சுமார் 2.7 கோடி டாலர். தணிக்கையைவிட மற்ற வேலையில் அதிக வருமானம் வரும்போது, தணிக்கையில் கண்டிப்பு காட்டி அந்த வருமானத்தை இழக்க யாருக்கு மனம் வரும்? நெறிமுறை அப்போதும் இருந்தது. நேர்மை, நடுநிலை என்ற சொற்கள் அதில் அச்சாகித்தான் இருந்தன. அடுத்த ஆண்டு, 2002-இல், சார்பேன்ஸ் ஆக்ஸ்லி சட்டம் வந்தது. தணிக்கை செய்யும் நிறுவனம் அதே வாடிக்கையாளருக்குச் செய்யக்கூடாத வேலைகளை அது பட்டியலிட்டது. தணிக்கையாளர்களைக் கண்காணிக்கத் தனி அமைப்பையும் ஏற்படுத்தியது.

நம் நாட்டிலும் பாடம் படித்திருக்கிறோம். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தின் தலைவர் தாமே ஒரு கடிதம் எழுதி, கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லை என்று ஒப்புக்கொண்டார். இத்தனை பெரிய தொகை இல்லாதது எப்படித் தெரியாமல் போனது? வங்கி இருப்பை உறுதிசெய்யும் கடிதங்களைத் தணிக்கையாளர் நேரடியாகத் தம் கட்டுப்பாட்டில் வங்கியிடமிருந்து பெறத் தவறியதை அமெரிக்கக் கண்காணிப்பு அமைப்புகள் பின்னர் சுட்டிக்காட்டின. தொழில் தெரியாதவர்கள் செய்த தவறு அல்ல இது. தெரிந்த நடைமுறையைக் கவனமாகச் செய்யாமல் விட்டதன் விளைவு. பின்னர் வந்த 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 132-ஆம் பிரிவின்கீழ், 2018 அக்டோபரில் தேசிய நிதி அறிக்கை ஆணையம் அமைக்கப்பட்டது. பெரிய நிறுவனங்களின் தணிக்கையாளர்களை விசாரிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு.

ஆக, நெறிமுறை என்பது மனசாட்சிக்கு வழிகாட்டும். மனசாட்சி தூங்கினால் எழுப்பச் சட்டமும் கண்காணிப்பும் வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் போதாது.

ஒற்றுமையைச் சொன்னோம். நான்கு நெறிமுறைகளுக்கும் இடையே உள்ள வேற்றுமைகளையும் சொல்ல வேண்டும். அவற்றில் மூன்று நம் குடும்பங்களை நேரடியாகத் தொடுபவை.

முதல் வேற்றுமை விளம்பரம். நம் நாட்டில் பட்டயக் கணக்காளர் ஒருவர் துண்டுப் பிரசுரம் அச்சடித்து, விளம்பரம் செய்து வாடிக்கையாளர்களை அழைப்பது முதல் அட்டவணையின்படி ஒழுங்கீனம். அமெரிக்காவில் அந்தத் தடையை 1978-இல் எடுத்துவிட்டார்கள். போட்டி இருந்தால்தான் கட்டணம் குறையும், மக்களுக்குத் தகவல் கிடைக்கும் என்பது அவர்கள் வாதம். இது வியாபாரம் அல்ல, நம்பிக்கை சார்ந்த தொழில் என்பது நம் நாட்டு வாதம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நம் ஊர்க்காரர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் 'டாக்ஸ் ரீஃபண்ட் வாங்கித் தருகிறோம்' என்று விளம்பரம் வந்தால், அனுப்பியவர் பட்டயக் கணக்காளர்தானா என்று சந்தேகப்பட அதுவே ஒரு காரணம்.

இரண்டாவது வேற்றுமை கட்டணம். லாபத்தில் இத்தனை சதவீதம், கிடைக்கும் தொகையில் இத்தனை பங்கு என்று கட்டணம் பேசுவதை இந்தியச் சட்டம் தடுக்கிறது. கலைப்பு அதிகாரி, கூட்டுறவுச் சங்கத் தணிக்கை போன்ற சில வேலைகளுக்கு மட்டுமே விலக்கு. அமெரிக்க நெறிமுறை தணிக்கை செய்யும் வாடிக்கையாளரிடம் இதைத் தடுத்தாலும், மற்றவர்களிடம் பல இடங்களில் அனுமதிக்கிறது. ஏன் இந்தத் தடை? வருகிற தொகையில் பங்கு என்றால், தொகை பெரிதாக வர வேண்டும் என்பதில் கணக்காளருக்கே ஆசை வந்துவிடும்.

இது நம் வீடுகளுக்கு எப்படிப் பொருந்துகிறது என்றால், மாதச் சம்பளக்காரர்கள் பலர் ரீஃபண்டில் பத்து சதவீதம் கமிஷன் என்று பேசும் இடைத்தரகர்களிடம் வருமான வரிப் படிவத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த ஆள் இல்லாத வீட்டு வாடகையையும், கொடுக்காத நன்கொடையையும், கட்டாத இன்சூரன்ஸையும் எழுதி ரீஃபண்ட் வாங்கித் தருவார். கமிஷனை வாங்கிக்கொண்டு போய்விடுவார். பிறகு நோட்டீஸ் வரும்போது பெயரும் பான் எண்ணும் நம்முடையவை. வரி, வட்டி, அபராதம் எல்லாம் நம் தலையில். நான் கையெழுத்துத்தான் போட்டேன் என்பது பதில் ஆகாது. கொடுக்காத நன்கொடைக்கு ரசீது கேட்டு நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வருபவர்களுக்கும் இதே வார்த்தைதான். அப்படி ஒரு ரசீதை நாங்கள் யாருக்கும் தர மாட்டோம். தயவுசெய்து கேட்டு எங்களைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

மூன்றாவது வேற்றுமை ரகசியம். வாடிக்கையாளரின் விவரத்தை வெளியே சொல்லக்கூடாது என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. ஆனால் வாடிக்கையாளரே சட்டத்தை மீறுவதைக் கண்டால் என்ன செய்வது? சர்வதேச வாரியம் 2016-இல் இதற்கென ஒரு பகுதியைச் சேர்த்தது. முதலில் நிர்வாகத்திடம் பேச வேண்டும், மேலே எடுத்துச் செல்ல வேண்டும். பொதுமக்களுக்குப் பெரும் தீங்கு என்றால், சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் உரிய அதிகாரிகளிடம் தெரிவிக்கக் கணக்காளருக்கு இடம் உண்டு. அமெரிக்க நெறிமுறை அந்தக் கடைசிப் படியை ஏற்கவில்லை. சட்டம் கேட்டாலொழிய வாடிக்கையாளர் சம்மதமின்றி வெளியே சொல்லக்கூடாது என்கிறது. இந்தியா இடைவழியில் நிற்கிறது. கம்பெனிகள் சட்டம், பிரிவு 143-இன்படி, ஒரு கோடி ரூபாய்க்கும் அதற்கு மேலும் மோசடி நடந்திருப்பதாகத் தணிக்கையாளர் நம்பினால் மத்திய அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ரகசியம் காப்பதும் அமானிதம், மக்களைக் காப்பதும் அமானிதம். இரண்டு அமானிதங்கள் மோதும்போது எது மேல் என்ற கேள்விக்கு உலகம் இன்னும் ஒரே பதிலைச் சொல்லவில்லை.

இனி அயோஃபியின் நெறிமுறைக்கு வருவோம். அதில் கூடுதலாக என்ன இருக்கிறது? மற்ற மூன்றிலும் கணக்காளர் தன் நிறுவனத்துக்கும், தொழில் அமைப்புக்கும், பொதுமக்களுக்கும் பதில் சொல்ல வேண்டியவர். இதில் அவற்றோடு இறைவனுக்கும் பதில் சொல்ல வேண்டியவர். எந்த ஆய்வாளரும் பார்க்காத வவுச்சரையும் பார்க்கிறவன் ஒருவன் இருக்கிறான் என்ற உணர்வு. மதரஸாவில் படித்த காலத்தில் திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் எது என்று உஸ்தாத் கேட்பார். பகரா அத்தியாயத்தின் 282-ஆவது வசனம். அது கடனை எழுதி வைப்பது பற்றியது. எழுத்தர் நீதியோடு எழுத வேண்டும் என்று சொல்லும் அதே வசனம், எழுதுபவருக்கும் சாட்சிக்கும் யாரும் தீங்கு செய்யக்கூடாது என்றும் சொல்கிறது. சர்வதேச நெறிமுறை மிரட்டல் ஆபத்து என்று வகைப்படுத்துவதை இதோடு சேர்த்துப் பாருங்கள். அங்கே கணக்காளரைப் பார்த்து மிரட்டலுக்குப் பணியாதே என்கிறார்கள். இங்கே நம்மைப் பார்த்து மிரட்டாதே என்று சொல்லப்படுகிறது.

அன்பளிப்பு விஷயமும் அப்படித்தான். நபி (ஸல்) அவர்கள் ஜகாத் வசூலிக்க ஒருவரை அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்து வைத்தார். அவர் தம் பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்ற பொருளில் நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறிக் கண்டித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றிருக்கிறது. இன்றைய சர்வதேச நெறிமுறை, ஒருவரின் நடத்தையைத் தவறாக வளைக்கும் நோக்கில் கொடுக்கப்படும் அன்பளிப்பு எவ்வளவு சிறியதானாலும் வாங்கக்கூடாது என்கிறது. பதவியைப் பார்த்து வருகிறதா, ஆளைப் பார்த்து வருகிறதா என்பதே இரண்டு இடத்திலும் கேள்வி.

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இறையச்சத்தை எழுதி வைத்திருப்பதாலேயே ஒரு நெறிமுறை தானாக வேலை செய்துவிடாது. உள்ளத்தில் இருப்பதை எந்தக் குழுவாலும் விசாரிக்க முடியாது. ஐ.சி.ஏ.ஐ. சட்டத்தில் இறையச்சம் என்ற சொல் இல்லை. ஆனால் புகார் கொடுக்க வழி இருக்கிறது, விசாரிக்க ஒழுங்கு நடவடிக்கைக் குழு இருக்கிறது, தவறு நிரூபணமானால் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்க அதிகாரம் இருக்கிறது. வாடிக்கையாளரின் பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைக்காமல் விட்டால் அது ஒழுங்கீனம், தானோ தன் அலுவலகத்தாரோ பார்க்காத கணக்குக்குச் சான்று கொடுத்தால் அது ஒழுங்கீனம் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. இந்தத் தெளிவு நமக்கு வேண்டும்.

எனவே மூன்றாவது ஆலோசனைக்கு எங்கள் பதில் இது. தணிக்கையாளர் நம் சமுதாயத்தவராக இருந்தால் மகிழ்ச்சி. ஆனால் அது நிபந்தனையாக இருக்கக்கூடாது. ஜகாத் நிதியை மற்ற நன்கொடையோடு கலக்காமல் தனியாக வைத்திருக்கிறோமா என்று சரிபார்க்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அதை எழுதிக் கொடுத்தால், அறக்கட்டளைத் தணிக்கையில் அனுபவமுள்ள எந்தக் கணக்காளரும் செய்வார். நமக்கு யாரும் வேண்டியவரும் அல்லாத, யாருக்கும் அஞ்சாத ஒருவர் வேண்டும். மார்க்கச் சட்டம் சம்பந்தமான சந்தேகத்துக்கு ஆலிம்களிடம் போவோம். கணக்குச் சந்தேகத்துக்குக் கணக்காளரிடம் போவோம்.

இங்கே வந்திருக்கும் வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. வங்கிக் கடனுக்கு லாபத்தைக் கூட்டிக் காட்டு, வரிக்கு லாபத்தைக் குறைத்துக் காட்டு என்று ஒரே ஆடிட்டரிடம் கேட்பது நம்மிடையே சாதாரணமாகிவிட்டது. மறுத்தால் ஒத்துழைக்காத ஆடிட்டர் என்கிறோம். அவர் மறுப்பது தன் சான்றிதழைக் காப்பாற்றிக்கொள்ள மட்டும் அல்ல. நம் கடையையும் காப்பாற்றுகிறார். ஆடிட்டரை மாற்ற நினைத்தால் மாற்றலாம், அது உங்கள் உரிமை. ஆனால் புதிய ஆடிட்டர் பழையவருக்கு எழுத்தில் தெரிவிக்காமல் பொறுப்பேற்கக்கூடாது என்பது சட்டம். நேர்மையாக இருந்ததற்காக ஒருவரை நீக்கினால், வருபவருக்கு அது தெரிய வேண்டும் என்பதற்குத்தான் இந்த ஏற்பாடு.

சான்றிதழ் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வெளிநாட்டு விசாவுக்கும், வங்கிக்கும் பட்டயக் கணக்காளரிடம் சொத்து மதிப்புச் சான்று வாங்குகிறோம். 2019 முதல் இத்தகைய சான்றுகளில் யூ.டி.ஐ.என். என்ற 18 இலக்க அடையாள எண் இருக்க வேண்டும். ஐ.சி.ஏ.ஐ.யின் இணையத்தளத்தில் அந்த எண்ணைப் போட்டு யாரும் சரிபார்க்கலாம். எண் இல்லாத சான்றுக்குப் பணம் கொடுக்காதீர்கள். எங்கள் அலுவலகத்துக்கு வந்தால் சரிபார்த்துத் தருகிறோம்.

வணிகவியல் படிக்கும் பிள்ளைகளே, துபாயிலோ ரியாத்திலோ சென்னையிலோ கணக்காளர் வேலைக்குப் போகப்போகிறவர்களே! உங்களைப் பெற்றவர்கள் கடன் வாங்கி அனுப்புகிறார்கள். முதலாளி இந்த பில்லைப் பழைய தேதியில் போடு என்பார். மறுத்தால் வேலை போகுமோ என்ற பயம் வரும். அந்தப் பயம் நியாயமானது, அதைச் சிறிதாக எண்ண வேண்டாம். சம்பளத்துக்கு வேலை செய்யும் கணக்காளருக்கென்றே சர்வதேச நெறிமுறையில் தனிப் பகுதி இருக்கிறது. அது சொல்லும் வழியை நினைவில் வையுங்கள். விவரம் முழுவதும் தெரிந்துகொள்ளுங்கள். மேலதிகாரியிடம் மரியாதையாகப் பேசுங்கள். பலன் இல்லை என்றால் அவருக்கும் மேலே கொண்டுபோங்கள். என்ன பேசினீர்கள், எப்போது பேசினீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள். அனுபவமுள்ள ஒருவரிடம் ஆலோசனை கேளுங்கள். எதுவும் நடக்கவில்லை என்றால் பொய்யான தகவலோடு உங்கள் பெயர் சேராமல் விலகிக்கொள்ளுங்கள். வேலையை விடுவது கடைசிப் படி, முதல் படி அல்ல.

அந்தக் கடைசிப் படிக்கு ஒரு பிள்ளை வந்து நின்றால், பொழைக்கத் தெரியாதவன் என்று ஊர் பேசக்கூடாது. பெற்றோரும் பேசக்கூடாது. நிர்வாகக் குழு இதுபற்றி ஆலோசித்திருக்கிறது. நேர்மைக்காக வேலை இழந்து வரும் இளைஞருக்கு, அடுத்த வேலை கிடைக்கும் வரை வட்டியில்லாக் கடன் நிதியிலிருந்து குடும்பச் செலவுக்கு உதவ வேண்டும் என்பது எங்கள் பரிந்துரை. பொதுக்குழு சம்மதித்தால் இந்த ஆண்டே தொடங்கலாம், இன்ஷா அல்லாஹ்.

ஆக, நிர்வாகக் குழு உங்கள் முன் வைப்பது இதுதான். நிர்வாகக் குழுவினர் யாருக்கும் உறவினர் அல்லாத, நமக்குக் கணக்கு எழுதித் தராத ஒரு பட்டயக் கணக்காளரைக் கட்டணம் கொடுத்து நியமிப்பது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஒருவரையே தொடரவிடாமல் மாற்றுவது. தனிநபர் தணிக்கையாளர் விஷயத்தில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகளுக்குச் சட்டம் வைத்திருக்கும் கால வரம்பும் இதுவே. வங்கி இருப்பை எங்களிடம் கேட்காமல் வங்கியிடமே நேரடியாகக் கேட்டு உறுதிசெய்துகொள்ளும்படி அவருக்கு எழுத்தில் தெரிவிப்பது. தணிக்கை அறிக்கையை, அதில் குறை சொல்லியிருந்தால் அந்தக் குறையோடு சேர்த்து, ஒரு வரிகூட விடாமல் நம் மடலில் வெளியிடுவது.

செலவு கொஞ்சம் கூடும். ஒரு மாணவியின் உதவித்தொகை அளவுக்குக் கூடும் என்று ஆலோசனை தந்தவர் சொன்னது உண்மைதான். அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் நம் கணக்கின்மீது சந்தேகம் வந்து பத்து நன்கொடையாளர்கள் விலகினால் எத்தனை மாணவிகளின் உதவித்தொகை நிற்கும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். அந்த ஒரு மாணவிக்கான தொகையைத் தனியாகத் திரட்டித் தர நிர்வாகக் குழுவினர் பொறுப்பேற்றுக்கொள்கிறோம்.

கேள்வி இருப்பவர்கள் தாராளமாகக் கேளுங்கள். கணக்குப் புத்தகங்கள் அனைத்தும் மேசைமீது இருக்கின்றன. இன்று பார்க்க நேரமில்லாதவர்கள் வேலை நாட்களில் அஸர் தொழுகைக்குப் பிறகு அலுவலகத்துக்கு வந்து பார்க்கலாம். பெண்கள் பார்க்க வேண்டுமானால் சனிக்கிழமை காலையில் நம் தையல் பயிற்சி மையத்துக்கே புத்தகங்களைக் கொண்டுவந்து காட்டுகிறோம். விவாதம் முடிந்ததும் தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விடுவோம்.